மூக்காண்டி பற்றவைத்த ரேடியேட்டர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சர் கடையில் நான் ஒரு பொய் சொன்னேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கலை ஆர்வம் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம்.

டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து, "டைப்பு அண்ணாச்சிதான?" என்றார். அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மூக்காண்டி. ஏழு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தொன்பதில், சங்கரன்கோவிலில் அவரை விட்டால் மெக்கானிக் கிடையாது. இப்போது சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நலம் விசாரித்தார். மாடியிலேதான் இன்னும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறேனா என்று கேட்டார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"ஒண்ணு கேக்கட்டா அண்ணாச்சி? நீங்க அன்னைக்கு அங்கன நின்னிய. அந்த ரேடியேட்டர்ல நான் எங்கன விட்டேன்? ஏழு வருசமா மனசுக்குள்ளயே கழத்தி, மனசுக்குள்ளயே பத்தவச்சுப் பாக்கேன். எங்கனயும் விட்ட மாதிரி தெரியல. ஆனா பிரிஞ்சிருக்குல்லா? அப்ப எங் கைதான தப்பு? அதுக்கப்புறம் ஒரு இன்ஜினத் தொட முடியல. கை நடுங்குது."

நான் சொன்ன பதில்: "எனக்கு வண்டியப் பத்தி என்னவே தெரியும்? சவத்த விடும்."

எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும்.

2

எப்படி ஆரம்பிப்பது என்பதில்தான் ஒரு வாரம் போய்விட்டது. எழுதியதைக் கிழிக்காமல் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

"சங்கரன்கோவில் கார் ஸ்டாண்டில் அந்தக் கரும்பச்சைக் கார் வந்து நின்ற அன்று வானம்"

வானம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. யாருக்குத்தான் இருக்கும்? எல்லாரும் காரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வெளிநாட்டுக் கார்களின் உழைப்புத் திறன், அவற்றைப் பழுதுபார்க்க ஆகும் செலவு ஆகியவை பற்றி நம் நாட்டில் இருவேறு கருத்துகள்"

இது பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி.

"மூக்காண்டி நல்ல தொழில்காரர்தான், ஆனால்"

இந்த 'ஆனால்' வந்ததும் கை நின்றுவிட்டது. ஊர் ஏழு வருஷமாக அந்த மனுஷன் பேருக்குப் பின்னால் போட்டு வைத்திருக்கும் சொல் அது. நானும் அதையே போட்டுக்கொண்டு ஆரம்பித்தால் எழுதி என்ன பிரயோஜனம்?

ஆகவே கோர்வையாகச் சொல்லிவிடுகிறேன். துரைப்பாண்டி என்று ஒருவர். பனவடலிசத்திரம் பக்கம் கரிசல் நிலம் உள்ள சம்சாரி. நிலத்தில் பாதியை விற்று, ஒரு எஸ்டேட் மேனேஜர் விட்டுவிட்டுப் போன கரும்பச்சைச் சீமைக் காரை வாங்கிவந்து டாக்சி ஓட்டினார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைக்க அந்தக் கார்தான் வேண்டும் என்று சுற்றுவட்டாரத்தில் அடம்பிடித்தார்கள்.

[காரின் கம்பெனிப் பெயரை எழுதவில்லை. கம்பெனி மேல் ஒரு தப்பும் இல்லை. ஒரு தப்பும் இல்லாதவர்களைக் கதைக்குள் இழுத்துவிடுவது எவ்வளவு பெரிய பாவம் என்பது எனக்கு இப்போது நன்றாகவே தெரியும்.]

3

என் இன்ஸ்டிடியூட் ஜன்னலுக்கு நேர் கீழே கார் ஸ்டாண்டு. தினமும் காலையில் சவாரி வரும்வரை அங்கே ஒரு பட்டிமன்றம் நடக்கும். ஒரு பக்கம் துரைப்பாண்டி. எதிர்ப் பக்கம் சண்முகையா, உள்ளூர்த் தயாரிப்புக் கார் வைத்திருந்தவர். என்னிடம் படிக்க வந்த பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே அடித்து, அரசாங்கக் கடிதத்துக்கு நடுவில் 'கிங்பின்' என்று அடித்துவைத்த நாட்கள் உண்டு.

"நம்ம வண்டி மாசம் ஒருக்க படுக்கும்வே, ஒத்துக்கிடுதேன்," என்பார் சண்முகையா. "ஆனா எந்த ஊர்ல படுத்தாலும் அந்த ஊர்லயே எந்திரிச்சிரும். பெட்டிக்கடையில வெத்தலை வாங்குத மாதிரி சாமான் வாங்கலாம். ஒம்ம சீமை மகாராணி படுத்தா பம்பாய்க்குல்லா தந்தி அடிக்கணும்?"

"படுத்தாத்தான?" துரைப்பாண்டிக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். "மூணு வருசத்துல ரெண்டே தடவ. நீரு மூணு வருசத்துல முன்சக்கரத்துக்குக் கிங்பின் எத்தன மாத்துனீரு? ஸ்பிரிங் பட்டை எத்தன? நான் ஒரே தடவையா பெருசாக் குடுத்தா அது செலவு, நீரு தெனமும் சில்லறை சில்லறையா அழுதா அது செலவில்லையோ? கூட்டிப் பாரும்வே!"

"சாமானுக்கு எங்கன போவீரு?"

"சாமான் என்னத்துக்கு? மூக்காண்டி இருக்கான்லா."

விவாதம் எப்போதும் இங்கே வந்துதான் நிற்கும். மூக்காண்டி மாவு மில் பெல்ட்டை அறுத்து ஃபேன் பெல்ட் ஆக்குவார். தேய்ந்த புஷ்ஷை ராஜபாளையத்தில் லேத்தில் கொடுத்துக் கடைந்துவருவார். அந்தக் காரின் நட்டுகளுக்கு நம் ஸ்பானர் சேராது என்று தெரிந்ததும், நாலு ஸ்பானரை அரத்தால் ராவி அதற்கென்றே தனியாக வைத்திருந்தார். ஒரு நாள் சண்முகையா மடக்கினார்: "அப்ப ஒமக்கு நம்பிக்கை சீமை வண்டி மேல இல்ல, மூக்காண்டி மேலதான?"

"ரெண்டும் ஒண்ணுதான்வே," என்றார் துரைப்பாண்டி. அந்தப் பக்கம் ஒரு காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த மூக்காண்டியின் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு கால் பெருமையில் ஆடியது.

எழுபத்தெட்டு முடியும் நேரம், ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. பம்பாய்க்குக் கடிதம் அடித்துக் கொடுத்தது நான்தான். பதில் வந்தது. புது ரேடியேட்டருக்கு அவர்கள் கேட்ட விலைக்கு சண்முகையாவின் காரில் பாதியை வாங்கிவிடலாம், அதுவும் வந்துசேர நாலு மாதம். துரைப்பாண்டி அந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஈயத்துல முடியும் அண்ணாச்சி," என்றார் மூக்காண்டி. "கழத்திருவோம்."

இரண்டு நாள். ரேடியேட்டரைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, காற்றடித்து, குமிழி வரும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறித்தார். பதினோரு இடம். பதினொன்றையும் சுரண்டி ஈயத்தால் பற்றவைத்தார். ஸ்டாண்டே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. மறுபடி முக்கினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஆறு மாசத்துக்கு நான் பொறுப்பு," என்றார் எல்லார் முன்னாலும்.

4

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லன் தேவைப்படுகிறான். சண்முகையா கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். ஒரு பக்கம் முழுக்க எழுதியும் விட்டேன்: சண்முகையா யாரும் பார்க்காத நேரம் பார்த்து, கரும்பச்சைக் காரின் பானெட்டைத் தூக்கி

இல்லை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சண்முகையா வாய்தான் நீளமே தவிர அடுத்தவன் பொருளைத் தொடுகிற ஆள் கிடையாது. இனிமேல் சொல்லப்போகிற கல்யாணத்தன்று அவர் நடந்துகொண்ட விதத்தை நான் கண்ணால் பார்த்தேன். சௌகரியத்துக்காக ஒரு மனுஷனைக் கெட்டவனாக்குவது எழுத்தாளனுக்குச் சுலபம். கொஞ்சம் பொறுங்கள், நான் அதைக்கூடச் செய்தவன்தான். ஆனால் சண்முகையாவுக்கு அல்ல.

5

தை மாதம். சங்கரன்கோவில் மாப்பிள்ளை, சிவகிரிப் பெண். மாப்பிள்ளை என் பழைய மாணவன் என்பதால் எனக்கும் அழைப்பு. கரும்பச்சைக் காரில் மாப்பிள்ளையும் அவன் அப்பாவும். துணைக்கு மூக்காண்டி முன்சீட்டில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. பின்னால் சண்முகையாவின் காரில் நாங்கள் ஏழு பேர் அடைந்துகொண்டு போனோம்.

பாதி வழியில், ஒரு ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், முன்னால் போன கார் நின்றது. பானெட்டுக்குள்ளிருந்து ஆவி ஆள் உயரத்துக்கு எழும்பியது. உள்ளே இரும்பு இரும்பைக் கவ்விக்கொண்ட ஒரு சத்தம், அதோடு சரி. இன்ஜின் இறுகிவிட்டது. ஹாண்டில் போட்டுச் சுற்றினால் இம்மி அசையவில்லை.

துரைப்பாண்டி பானெட்டைத் திறந்து ஒரு பார்வைதான் பார்த்தார். "பிரிஞ்சுட்டு. பத்தவச்சது பிரிஞ்சுட்டு," என்றார். அப்புறம் மூக்காண்டி பக்கம் திரும்பினார். "ஒன்னய நம்பினேன்லா? ஒன்னய நம்பித்தானலே ஊரு வாய அடைச்சேன்? இனிமே எங் கண்ணுல முழிக்காத. வண்டியத் தொடாத, போ!"

மூக்காண்டி ரேடியேட்டர் பக்கம் போக ஒரு அடி எடுத்துவைத்தார். துரைப்பாண்டி நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். வெள்ளைச் சட்டையில் அஞ்சு விரலும் கிரீஸாகப் பதிந்தது.

சண்முகையா தன் காரிலிருந்து எங்கள் ஏழு பேரையும் இறக்கிவிட்டு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு முகூர்த்தத்துக்குக் கொண்டுசேர்த்தார். திரும்பிவந்து கரும்பச்சைக் காரைக் கயிறு கட்டி இழுத்துவந்தார். வருஷக்கணக்காக வாதாடியதில் ஜெயித்த மனுஷன் வழியெல்லாம் ஒரு சொல் கேலி பேசவில்லை.

கேலி பேசியது வேறு ஆள். அன்று சாயங்காலம் ஸ்டாண்டில் பத்துப் பதினைந்து பேர் கூடி நின்றபோது, டீக்கடைத் தகரக் குவளை ஒன்று கைப்பிடி கழன்று விழுந்தது. "என்ன, மூக்காண்டி பத்தவச்சதோ?" என்றது ஒரு குரல். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மறுநாள் செருப்பு வார் அறுந்தவனைப் பார்த்து யாரோ அதைச் சொன்னார்கள். ஒரு மாதத்தில் திருவேங்கடம் வரை போய்விட்டது. தாலி பிரித்துக் கோர்க்கிற வீட்டில்கூட ஒரு அம்மாள் விளையாட்டாகச் சொல்லி அடி வாங்காத குறையாகத் தப்பினாள். அடுத்த மாதம் மூக்காண்டி ஸ்பானர் பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனார்.

அந்தக் குரல் என்னுடையது. நாலு பத்திரிகைக்குக் கதை அனுப்பி நாலும் திரும்பிவந்த காலம் அது. இந்த ஊரில் நிலைத்த என் படைப்பு அந்த ஒரு வாக்கியம்தான்.

6

இதற்குமேல் எழுத வேண்டாம் என்று மூன்று நாள் எழுந்து எழுந்து நடந்தேன். பெயர்களை மாற்றிவிடலாம் என்று தோன்றிய பிறகுதான் உட்கார முடிந்தது. ஆமாம், மாற்றியிருக்கிறேன். துரைப்பாண்டி துரைப்பாண்டி இல்லை, சண்முகையா சண்முகையா இல்லை, இப்போது வரப்போகிற கோமதித்தாயும் கோமதித்தாய் இல்லை. மூக்காண்டி பெயரை மட்டும் மாற்றவில்லை. அந்தப் பெயருக்காகத்தானே எழுதுகிறேன்.

கோமதித்தாய் துரைப்பாண்டியின் மனைவி. கல்யாணம் நடந்த அடுத்த வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு என் மாடிக்கு வந்தாள். தம்பிக்கு ஒரு கார்டு எழுத வேண்டும் என்றாள். எழுதி முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"அண்ணாச்சி, ரேடியேட்டர்ல தண்ணியத் தவிர வேற எதுவும் ஊத்தக் கூடாதோ?"

"என்ன ஊத்துன?"

"புத்துமண்ணு."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கோயில் புற்றுமண் இங்கே பிரசாதம், மருந்து, காவல் எல்லாம். பிள்ளைக்குச் சிரங்கு வந்தால் பூசுவார்கள். வயிற்றுவலிக்குக் கரைத்துக் குடிப்பார்கள். மாட்டுக்கு நோவு என்றாலும் ஒரு உருண்டை. கோமதித்தாய் வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தாள், காருக்கும் கொடுத்தாள். அந்தக் கார் விழுந்தால் குடும்பமும் விழும் என்பது அவளுக்குத் தெரியும். நிலத்தில் பாதி அதற்குள் இருந்தது.

"மூக்காண்டி பத்தவச்ச அன்னைக்கே ஒரு மண்டலம் நேந்துக்கிட்டேன். காலம்பர ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துதது என் வேலைதான. அவுக குளிக்கப் போற நேரமாப் பாத்து, ஒரு கை மண்ண செம்புல கரைச்சு ஊத்துவேன். ஒரு நா விடல. கல்யாணத்தன்னைக்கு நாப்பத்தேழாவது நாளு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரே ஒரு நாளுதான் அண்ணாச்சி பாக்கி இருந்துச்சு. நாப்பத்தெட்டும் முடிஞ்சிருந்தா நின்னுருக்குமா?"

நாற்பத்தேழு கை மண்.

முந்தானையில் முடிந்திருந்த மண்ணைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். "அவுககிட்டயோ மூக்காண்டிகிட்டயோ ஒங்க வாயால சொல்ல மாட்டேன்னு இதுல அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க." அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். துரைப்பாண்டி காரை உடைத்து விற்றிருந்தார். ரேடியேட்டர் ஒரு மூலையில் சாத்திக் கிடந்தது. தலைகீழாகக் கவிழ்த்து ஒரு குடம் தண்ணீர் விட்டேன். கீழே சொட்டுச் சொட்டாகச் சேறுதான் வந்தது. குழாய்கள் எல்லாம் அடைத்து இறுகிக் கிடந்தன, தண்ணீர் ஓட வழியே இல்லை. பிறகு திருப்பிப் போட்டு, பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாக நகத்தால் கீறிப் பார்த்தேன். பதினோரு இடம். ஒன்றுகூடப் பிரியவில்லை.

[மூக்காண்டி ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். வாரம் ஒரு தடவை வந்து அந்தப் பதினோரு இடத்தையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். சொட்டு ஈரம் இல்லை. ஒழுகாத ரேடியேட்டரின் மூடியை யார் திறந்து பார்ப்பார்கள்?]

7

போன வாரம் கோமதித்தாயைப் பார்க்கப் போனேன். துரைப்பாண்டி சவாரி போயிருந்தார். இப்போது அவரும் உள்ளூர்க் கார்தான் ஓட்டுகிறார், கிங்பின் மாற்றுகிறார், ஸ்டாண்டில் விவாதமே இல்லை. மூக்காண்டியைப் பார்த்ததைச் சொன்னேன். கை நடுங்குகிறதாம் என்றேன். என்னைச் சத்தியத்திலிருந்து விடுவித்துவிடு தாயே என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஊத்துனது நாந்தான். இல்லன்னு என்னைக்காவது சொன்னேனா? ஆனா அதாலதான் வண்டி நின்னுச்சுன்னு நீங்கல்லா சொல்லுதிய. மூத்தவனுக்கு மஞ்சக்காமாலை வந்து, கொண்டுட்டுப் போங்கன்னு ஆஸ்பத்திரியில கைய விரிச்சப்ப, அந்த மண்ணத்தான் கரைச்சுக் குடுத்தேன். பொழச்சான். இப்ப பட்டாளத்துல இருக்கான். அங்கன காப்பாத்துன மண்ணு இங்கன கெடுத்துச்சுன்னு சொன்னியன்னா, நான் எதப் புடிச்சுக்கிட்டு அண்ணாச்சி இருக்க? எம் புள்ள அங்கன எல்லையில நிக்கான்."

"அப்ப மூக்காண்டி?"

"அவன் பேரைச் சொல்லியும் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஒரு பிடி மண்ணு வாங்கிக் கும்பிடத்தான் செய்யிதேன்," என்றாள்.

எழுந்து வந்துவிட்டேன்.

8

சரி, முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவது: மகன் லீவில் வருகிறான், அம்மா அவனிடம் சொல்லி அழுகிறாள், அவனே மூக்காண்டியை அழைத்துவந்து ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் – இது நடக்காது. அவன் இரண்டு வருஷமாக லீவில் வரவில்லை.

இரண்டாவது: நான் சத்தியத்தை மீறி, அடுத்த பஸ்ஸில் ராஜபாளையம் போய்

மூன்றாவது: சத்தியத்தை மீறாமலே போகலாம். மண்ணைப் பற்றி வாய் திறக்காமல், 'இரும்புக் கடையில் பார்த்தேன், நீர் பற்றவைத்தது பிரியவில்லை' என்று மட்டும் சொல்லலாம். இதில் சத்தியம் எங்கே உடைகிறது? எங்கேயும் உடையவில்லை. இது எனக்கு ஏழு வருஷத்துக்கு முன்பே தெரியும். இருந்தும் அன்றும் சொல்லவில்லை, இன்றும் போகவில்லை. போனால் அவர் கேட்பார்: "ஏன் அண்ணாச்சி அன்னைக்கே சொல்லல?" அதற்கு நான், பத்துப் பேர் சிரித்த என் வாக்கியத்தைத் திரும்ப வாங்க மனசு வரவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் யாருடையது என்றே அவருக்குத் தெரியாது. அன்று பஞ்சர் கடையில் ஒட்டுப் போட்டதற்கு என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். பயந்தாங்கொள்ளி நான். சத்தியம் எல்லாம் சாக்கு.

அதனால் இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. என்னால் ஆகாத காரியம். உங்களால் ஆகும். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தென்காசி ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் இடது கைப் பக்கம் ஒரு வேப்பமரம், அதன் அடியில் தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள், குனிந்து தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் பெயரைச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். மண்ணைப் பற்றிச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு. நிமிர்ந்து பார்த்தாரென்றால், பதினோரு இடமும் பிரியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். எந்த வண்டி என்று அவர் கேட்க மாட்டார்.